தாமதம் யாரைப் பாதித்தது?

2010இல் திருடு போன ஒரு டிராக்டருக்காக நடந்த வழக்கு 2020 ஜனவரியில்தான் முடிந்தது. திருட்டு நடந்த அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. போலீஸும் தேடிப் பார்த்து, வண்டி கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பாலிசி நடப்பில் இருந்தது, பிரீமியம் கட்டியிருந்தது, திருட்டு உண்மை. இதில் எதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் கம்பெனி பணம் தரவில்லை. எங்களுக்குத் தகவல் சொல்ல 52 நாள் தாமதமாகிவிட்டது, "உடனடியாக" என்ற நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். தேசிய நுகர்வோர் ஆணையமும் அதை ஏற்றுக்கொண்டது. கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வுதான் டிராக்டர்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. திருட்டென்றால் முதலில் போக வேண்டிய இடம் போலீஸ், அங்கே உடனே போய்விட்டார். கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதற்காக மட்டும் உண்மையான கிளெய்மை மறுக்க முடியாது என்று சொன்னது. 52 நாள் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்துக்கு ஒன்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது என்பதை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழக்கு மூன்று நீதிபதிகள் வரைக்கும் போகக் காரணம், அதற்கு முன்பு உச்ச நீதிமன்றமே இரண்டு விதமாகப் பேசியிருந்ததுதான். 1995 ஜனவரியில் ஒரு வண்டி திருடு போனது. அந்த வழக்கிலும் இரண்டு நாளுக்குள் எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டது, கம்பெனிக்குத் தகவல் போனது மே மாதம். 2010இல் அந்த வழக்கில் நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. நான்கு மாதம் சும்மா இருந்து வண்டியைத் தேடும் வாய்ப்பைக் கம்பெனியிடமிருந்து பறித்துவிட்டீர்கள் என்றது. 2017இல் லாரி திருட்டு வழக்கு ஒன்றில் எட்டு நாள் தாமதத்துக்குக் கிளெய்மை மறுத்தபோது அதே நீதிமன்றம் கம்பெனியைக் கண்டித்தது. வண்டியைப் பறிகொடுத்தவன் முதலில் வண்டியைத்தான் தேடுவான், கம்பெனி அலுவலகத்துக்கு ஓடமாட்டான் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்ற பொருளில் எழுதியது. 2022 பிப்ரவரியில் ஏறக்குறைய ஐந்து மாதத் தாமதம் உள்ள ஒரு லாரி வழக்கிலும் டிராக்டர் தீர்ப்பைப் பின்பற்றிப் பணம் கொடுக்கச் சொன்னது. ஆக, எட்டு நாளோ, 52 நாளோ, ஐந்து மாதமோ, நாள் கணக்கு இங்கே தீர்மானிப்பதில்லை. அப்படியென்றால் எது தீர்மானிக்கிறது, எது தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் என்பது ஒரு சடங்கல்ல, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. நடந்ததை எதிர்த்தரப்பு நேரில் பார்த்து, விசாரித்து, உண்மையா பொய்யா என்று உறுதி செய்துகொள்ள வாய்ப்புத் தருவதுதான் அந்த வேலை. தாமதத்தால் அந்த வாய்ப்புக் கெட்டுப்போயிருந்தால், தாமதித்தவர் அதற்கான விலையைக் கொடுப்பது நியாயம். கெடவில்லை என்றால், அல்லது அந்தத் தகவல் வேறு வழியில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்றால், காலண்டரைக் காட்டி உரிமையை ரத்து செய்வது அநியாயம். இந்த அளவுகோலை வைத்து நம் சட்டங்களைப் பார்த்தால், சில இடங்களில் நூறு வருடத்துக்கு முந்தைய சட்டம் விவேகமாக இருக்கிறது. சமீபத்திய திருத்தம் ஒன்று அப்படி இல்லை.

தாமதம் உண்மையிலேயே கெடுதல் செய்யும் இடத்தை முதலில் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் நான் எல்லாத் தாமதத்துக்கும் வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். 2004 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளத்தில் சரக்கு சேதமானது என்று ஒரு கடிகார நிறுவனம் கேட்ட இழப்பீடு. கம்பெனிக்குத் தகவல் கொடுத்தது நவம்பர் முடிவில், அதாவது மூன்று மாதம் இருபத்தைந்து நாள் கழித்து. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கிளெய்மை மறுத்தது சரியே என்றது. சர்வேயரை அனுப்பிவிட்டதாலேயே கம்பெனி தாமதத்தை மன்னித்துவிட்டது என்று ஆகிவிடாது என்றும் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. வெள்ளம் புகுந்த ஒரு குடோனை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் போகிற சர்வேயருக்குச் சுவரில் சேற்றுக் கோடு தெரியும், அது தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளக்கலாம். கீழ் அடுக்கில் இருந்த அட்டைப்பெட்டிகள் ஊறி உப்பியிருக்கும், மேல் அடுக்கு காய்ந்து கிடக்கும், எத்தனை பெட்டி போனது என்று எண்ணிவிடலாம். நான்கு மாதம் கழித்துப் போனால் சுவருக்கு வெள்ளை அடித்திருப்பார்கள், நனைந்த சரக்கு காயலான் கடைக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது முதலாளி கொடுக்கும் பட்டியல் ஒன்றுதான். அதை நம்பிப் பணம் கொடுங்கள் என்று கேட்பது, மற்ற பாலிசிதாரர்கள் கட்டிய பணத்தை வாய் வார்த்தைக்குக் கொடுங்கள் என்று கேட்பதுதான்.

திருட்டு அப்படிப்பட்டதல்ல. வண்டி போய்விட்டது, சர்வேயர் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. தேடுவது போலீஸின் வேலை, அதைப் போலீஸ் அன்றைக்கே தொடங்கிவிட்டது. போலீஸின் இறுதி அறிக்கை வரும்வரை கம்பெனியும் எப்படியும் காத்துக்கொண்டுதான் இருக்கும். டிராக்டர் தீர்ப்பு இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டது. பாலிசியில் விபத்துச் சேதத்துக்குக் கம்பெனிக்கு உடனடி நோட்டீஸ் என்றும், திருட்டு மாதிரியான குற்றங்களுக்குப் போலீஸுக்கு உடனடித் தகவல் என்றும் இருப்பதைத் தனித்தனியாகப் படித்தது. வெள்ளத்தில் நனைந்த சரக்கும் களவு போன டிராக்டரும் ஒரே "உடனடியாக" என்ற சொல்லின் கீழ் வந்தாலும், அந்தச் சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே அவசரம் இல்லை.

இது ஏதோ நீதிமன்றத்தின் கருணை என்று நினைக்க வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தாமதத்தின் காரணத்தை விசாரித்துப் பதிவு செய்யாமல் கிளெய்மை மறுக்காதீர்கள், உரிய நேரத்தில் வந்திருந்தாலும் இதை மறுத்திருப்போமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அந்தக் கடைசிக் கேள்வி அருமையான கேள்வி. "நேரத்துக்கு வந்திருந்தால் கொடுத்திருப்போம், தாமதமாக வந்ததால் கொடுக்கமாட்டோம்" என்பது ஒரு கம்பெனியின் உண்மையான நிலைப்பாடு என்றால், அந்தத் தாமதம் அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தது என்று காட்டும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுகிறது. இந்தச் சுற்றறிக்கை வந்து எட்டு வருடம் கழித்தும் 52 நாள் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது என்பது, சுற்றறிக்கைக்கும் கவுன்டருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும்.

நூறு வருடத்துக்கு முந்தைய சட்டம் என்றேனே, அது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. வேலையில் அடிபட்ட தொழிலாளி கூடிய சீக்கிரம் முதலாளிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குறித்த காலத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று அதன் 10ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அங்கேயே நிற்கவில்லை. விபத்து நடந்த சமயத்தில் முதலாளிக்கோ அவருடைய பொறுப்பாளருக்கோ வேறு வழியில் விஷயம் தெரிந்திருந்தால், நோட்டீஸ் கொடுக்காததையோ அதில் குறை இருப்பதையோ காட்டித் தொழிலாளியை விரட்ட முடியாது என்றது. போதிய காரணம் இருந்தால் கெடு தாண்டியும் ஆணையர் மனுவை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. மில்லில் கை சிக்கிய ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியதே மேஸ்திரிதான் என்னும்போது, எனக்கு நோட்டீஸ் வரவில்லையே என்று முதலாளி கேட்பது எவ்வளவு அபத்தம் என்பது அன்றைக்குச் சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருந்தது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே தர்க்கம், வேறு உருவத்தில். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதி முழுக்க மகசூல் போய்விட்டால் விவசாயி தனியாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை. அரசு நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையே தகவலைக் கொடுத்துவிடுகிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு மாதிரி அங்கங்கே ஒருசில வயலை மட்டும் தாக்கும் சேதத்துக்கும், அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் நனைவதற்கும்தான் 72 மணி நேரக் கெடு. அந்த வயலில் நடந்தது அந்த விவசாயி சொன்னால்தான் வெளியே தெரியும் என்பதே காரணம். தொடக்கத்தில் 48 மணி நேரமாக இருந்ததை 2018இல் 72 ஆக்கினார்கள். அதுவும் போதாது என்று டெல்டாவில் பலர் சொல்வார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் கெடு எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்த விதம் சரி. தகவல் வேறு வழியில் கிடைக்குமிடத்தில் தனி நோட்டீஸ் கேட்பதில்லை.

இப்போது சாலை விபத்துக்கு வருவோம். கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. என்று சொல்கிறார்களே, அந்த இழப்பீட்டு மனுவுக்கான கெடு நம் நாட்டில் ஏறி இறங்கிய கதை விசித்திரமானது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதம், போதிய காரணம் இருந்தால் தீர்ப்பாயம் தாமதத்தை மன்னிக்கலாம். 1988 சட்டத்திலும் ஆறு மாதம், மன்னித்தாலும் மொத்தம் ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது. இது ஏழைகளைத்தான் அடிக்கிறது என்று உணர்ந்து 1994இல் நாடாளுமன்றம் கெடுவையே எடுத்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் சாலை விபத்து மனுவுக்குக் கால வரம்பே கிடையாது. கெடு நீங்குவதற்கு முன்பு நடந்த விபத்துகளுக்கும் அந்தப் பலன் உண்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருபத்தேழு ஆண்டு அப்படியே ஓடியது. 2019 திருத்தச் சட்டம் 166ஆம் பிரிவில் அந்த ஆறு மாதத்தைத் திரும்பவும் கொண்டுவந்து வைத்தது, 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. இந்த முறை மன்னிக்கும் அதிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 1939ஐ விடவும் 1988ஐ விடவும் கடுமையான சட்டம் 2019இல் வந்திருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 2019 திருத்தம்தான் தகவல் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாட்டையும் செய்தது. விபத்தை விசாரிக்கும் போலீஸ் அதிகாரியே அறிக்கை தயாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2022 விதிகளின்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்தில் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் போக வேண்டும், விரிவான அறிக்கை 90 நாளில். இதை நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவும் போட்டது. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தால், அடிபட்டவர் மனுவே போடாவிட்டாலும் மூன்று மாதத்தில் எல்லோர் மேசையிலும் எல்லாத் தகவலும் இருக்கும். அப்படியிருக்க, ஆறு மாதம் ஒரு நாள் கழித்து வரும் மனுவால் கம்பெனிக்கு என்ன ஆதாரம் கெட்டுப்போகிறது? ஒன்றுமில்லை. ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அது போலீஸின் தவறு. போலீஸ் அனுப்பாத காகிதத்துக்கு விதவை ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? எப்படிப் பார்த்தாலும் அந்த ஆறு மாதத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை.

அந்த ஆறு மாதத்தில் ஒரு குடும்பம் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டவர் ஐ.சி.யூ.வில் இருந்து வார்டுக்கு வர வாரங்கள் ஆகும். காலில் கம்பி வைத்தவருக்கு இரண்டாவது ஆபரேஷனுக்கே ஆறு மாதம் கழித்துத்தான் தேதி கொடுப்பார்கள். எத்தனை சதவீத ஊனம் என்று மெடிக்கல் போர்டு சொல்லப் புண் ஆறி, எலும்பு கூடியிருக்க வேண்டும். சம்பாதித்தவர் படுத்துவிட்டதால் வீட்டில் கடன் வாங்கும் படலம் நடக்கும். இந்த நிலையில் வக்கீலைத் தேடிப் போகிறவர் முதலில் கேட்பது, சிகிச்சை முடியட்டும், மொத்தச் செலவும் தெரிந்த பிறகு கேஸ் போடலாமா என்பதுதான். 2022 வரை அதற்கு "போடலாம்" என்பதே பதில். இன்றைக்கு அந்தப் பதிலைச் சொன்னால் அது ஆபத்தான ஆலோசனை.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவை அற்பமானவையும் அல்ல. முதல் வாதம் போலிக் கிளெய்ம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி இடித்ததற்கு இன்ஷூரன்ஸ் உள்ள வேறு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது, மாடிப்படியில் விழுந்ததைச் சாலை விபத்தாக்குவது எல்லாம் நடக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் இதற்கென்றே சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது, உச்ச நீதிமன்றமும் அந்த விவகாரத்தைக் கையில் எடுத்தது. ஆனால் மோசடியைக் காட்டிக்கொடுப்பது எது? ஆஸ்பத்திரியில் முதல் நாள் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் "தெரியாத வண்டி" என்று இருந்து, இருபது நாள் கழித்துப் பதிவான எஃப்.ஐ.ஆரில் வண்டி நம்பர் முளைப்பதுதான். மனு ஐந்தாவது மாதம் வந்ததா ஏழாவது மாதம் வந்ததா என்பது இதில் எதையும் காட்டாது. இன்னொன்று, மோசடிக்காரன் கெடுவைத் தவறவிடுவதே இல்லை. அவனுக்கு வக்கீல் தயார், டாக்டர் தயார், காகிதம் எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருக்கும். கெடுவைத் தவறவிடுவது விவரம் தெரியாதவர்கள்தான். ஆகவே கெடுவைக் குறுக்கி மோசடியைத் தடுக்கப் பார்த்தால் வலையில் விழுவது வேறு ஆட்கள்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. எந்த வழக்குக்கும் ஒரு முடிவு வேண்டாமா, பத்து வருடம் கழித்து வந்து கேட்டால் கம்பெனி எந்த அடிப்படையில் பணத்தை ஒதுக்கி வைக்கும், பிரீமியத்தை எப்படிக் கணக்கிடும்? நியாயமான கேள்வி. கால வரம்பே வேண்டாம் என்ற 1994 நிலைப்பாட்டுக்கு நான் கொடி பிடிக்கவில்லை. ரயில் விபத்தில் காயமோ மரணமோ என்றால் ஒரு வருடத்துக்குள் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், போதிய காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் அனுமதிக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம், அங்கும் தாமதத்தை மன்னிக்கலாம். இப்படி வரம்பும் இருக்கட்டும், காரணத்தைக் கேட்கும் காதும் இருக்கட்டும். சாலையில் அடிபட்டவருக்கு மட்டும் ஆறு மாதம், காது கிடையாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இப்படித் தளர்த்தினால் மக்கள் மெத்தனமாகிவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தாமதத்துக்குச் சட்டத்தில் ஏற்கெனவே தண்டனை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 171ஆம் பிரிவின்படி இழப்பீட்டுத் தொகைக்கு வட்டி, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய காலத்துக்குக் கிடைக்காது. ஒரு வருடம் தாமதித்தவர் ஒரு வருட வட்டியை இழக்கிறார். பத்து லட்சம் இழப்பீட்டுக்கு ஏழரை சதவீதம் என்று வைத்தால் எழுபத்தைந்தாயிரம் ரூபாய். அதோடு, விபத்தை நிரூபிக்கும் சுமை கேட்பவர் தலையில்தான். சாட்சி ஊரைவிட்டுப் போய்விட்டார், பெட்ரோல் பங்க் கேமராப் பதிவு அழிந்துவிட்டது என்றால் நட்டம் அவருக்குத்தான். தாமதத்தின் அளவுக்குத் தண்டனை என்ற இந்த ஏற்பாடே போதும்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, கையெழுத்துப் போட்டுவிட்டு நிபந்தனையைப் படிக்கவில்லை என்றால் எப்படி என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீ விபத்துப் பாலிசி வாங்கும் தொழிற்சாலைக்குக் கணக்காளர் உண்டு, வக்கீல் உண்டு. அவர்களிடம் நிபந்தனையைக் கறாராகப் பிடிக்கலாம். ஷோரூமில் வண்டி எடுக்கும்போது பில்லோடு சேர்ந்து வரும் பாலிசியை வாங்கி, ஆர்.சி. புக்கோடு ஜெராக்ஸ் போட்டு வண்டிப் பெட்டியில் வைக்கும் ஆளிடமும் அதே கறாரைக் காட்டுவது, பேரம் பேசவே வாய்ப்பில்லாத இடத்தில் பேரம் நடந்ததாகப் பாவனை செய்வது. மூன்றாம் தரப்பு விபத்தில் அந்த வாதம் அறவே நிற்காது. லாரி இடித்துச் செத்தவர் அந்த லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு எந்த ஒப்பந்தமும் போடவில்லை.

166ஆம் பிரிவின் இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. கெடு தாண்டியது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று தீர்ப்பாயங்களுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அது சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் அது இடைக்கால உத்தரவு. இறுதித் தீர்ப்பு எப்படியும் வரலாம். நான் மேலே அடுக்கிய வாதத்தை நம்பி யாரும் ஏழாவது மாதம் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவது வேறு, உங்கள் மனு இன்று எந்தச் சட்டத்தின் முன் போய் நிற்கும் என்பது வேறு. ஊனச் சான்று கையில் வரவில்லையே என்று காத்திருப்பது வீண். மனுவை முதலில் போட்டுவிட்டுச் சான்றையும் பில்களையும் விசாரணையின்போது கொடுக்கலாம், எல்லா வக்கீல்களும் செய்வதுதான்.

நோட்டீஸ் கெடுவும் வழக்குக் கெடுவும் ஒன்றல்ல என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கம்பெனிக்குத் தகவல் சொல்லும் கெடுவில் கொஞ்சம் வளைவு உண்டு, மேலே பார்த்த திருட்டு, வெள்ள வழக்குகளின் தீர்ப்புகள் அதைப் பற்றியவை. கிளெய்ம் நிராகரிக்கப்பட்ட பிறகு ஓடத் தொடங்கும் கடிகாரத்தில் அவ்வளவு வளைவு கிடையாது. நிராகரிப்புக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று வருடக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பதில் வராத கடிதங்கள் கெடுவை நீட்டித்துத் தருவதில்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போக ஒரு வருடம். அதற்கு முன்பு கம்பெனிக்கு ஒரு முறை எழுதிப் பார்த்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஐம்பது லட்சம் வரை அவர் இழப்பீடு தரச் சொல்லலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

தகவலைச் சொன்னதற்குக் காகிதம் வேண்டும். "ஏஜென்ட்டிடம் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன்" என்பதற்குக் கோர்ட்டில் அதிக மதிப்பில்லை. கால் சென்டருக்குப் போன் செய்தால் கிளெய்ம் நம்பரோடு எஸ்.எம்.எஸ். வரும், அதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். அன்றைக்கே பாலிசி நம்பர், தேதி, இடம், நடந்தது நான்கு வரி என்று ஒரு மின்னஞ்சலும் போட்டுவிட்டால் கதை முடிந்தது. தாமதமாகிவிட்டது என்றால் ஏன் தாமதம் என்பதையும் அதிலேயே எழுதி டிஸ்சார்ஜ் சம்மரியை இணைப்பது நல்லது, காரணத்தைப் பதிவு செய்யும் கட்டாயத்தைக் கம்பெனிக்கு உண்டாக்கும். தபால்தான் நம்பிக்கை என்பவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுத் தபாலை 2025இல் அதோடு இணைத்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால், புகார் கொடுத்த தேதிக்கு அதுவே சாட்சி. ஆனால் வண்டித் திருட்டில் கம்பெனி எஃப்.ஐ.ஆரும், பிறகு வண்டி கிடைக்கவில்லை என்ற நான்-டிரேசபிள் சர்டிஃபிகேட்டும் கேட்கும். சி.எஸ்.ஆரோடு நின்றுவிடக் கூடாது.

இடித்த வண்டி எது என்றே தெரியாத கேஸ்களுக்கு வேறு கணக்கு. இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், படுகாயத்துக்கு ஐம்பதாயிரம் என்று 2022 ஏப்ரலிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. 2022இல் நாட்டில் அப்படி நடந்த விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த கிளெய்ம் வெறும் 205 என்று, கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. மற்ற கிளெய்ம்கள் வராததற்குக் காரணம் கெடு தாண்டியது அல்ல. இப்படி ஒரு திட்டம் இருப்பதே அந்தக் குடும்பங்களுக்குத் தெரியவில்லை. நீதிமன்றம் 2024 ஜனவரியில் நோட்டீஸ் கொடுக்கும் பொறுப்பைத் திருப்பிப் போட்டது. ஒரு மாதம் முயன்றும் வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அடிபட்டவருக்கோ இறந்தவர் குடும்பத்துக்கோ இந்தத் திட்டத்தைப் பற்றி, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விவரத்தோடு, போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்து ஒரு மாதம் கடந்தும் அந்தக் கடிதம் வரவில்லை என்றால், எஃப்.ஐ.ஆர். நகலோடு ஸ்டேஷனுக்குப் போய் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டியது வருவாய்த் துறையின் கிளெய்ம் விசாரணை அதிகாரியிடம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.